கேம்பஸா சிட்டியா? முதல்ல ரெண்டாவது வருஷத்தைப் பாருங்க

யூகே-ல ப்ளஸ் டூ முடிக்கிற புள்ளைங்க இருக்கிற வீட்ல மே மாசம் ஆச்சுன்னா ஒரு பஞ்சாயத்து கண்டிப்பா நடக்கும். யூகாஸ்ல (எல்லா யுனிவர்சிட்டிக்கும் சேத்து அப்ளை பண்ற சைட்) அஞ்சு இடத்துக்கு அப்ளை பண்ணி ஆஃபர் எல்லாம் வந்தாச்சு, இப்ப ஒண்ண ஃபர்ம்னும் (மொத சாய்ஸ்) ஒண்ண இன்ஷூரன்ஸ்னும் (மார்க் கொறைஞ்சா போற பேக்கப்) வெச்சுக்கிட்டு மத்ததையெல்லாம் வேண்டாம்னு சொல்லணும், அதுவும் ஜூன் ஆரம்பத்துக்குள்ள. புள்ள ஊருக்கு வெளிய தனியா இருக்கிற கேம்பஸ் யுனிவர்சிட்டிதான் வேணும்னு நிக்கும், அப்பா பெரிய சிட்டின்னாதான் நாளைக்கு வேலை கெடைக்கும்பாரு, அம்மா ரொம்ப நேரம் ஒண்ணும் பேசாம இருந்துட்டு கடைசில "வீட்லேர்ந்தே போய்ட்டு வர்ற மாதிரி பாரேன்"னு ஒரே போடா போடுவாங்க.

லண்டன் ஓரத்துல ஹாரோல எங்க அக்கா வீட்ல இப்ப ஓடிட்டு இருக்கிற படம் இதுதான். அக்கா பொண்ணுக்கு எகனாமிக்ஸ்ல வாரிக், மான்செஸ்டர், யூசிஎல் (யுனிவர்சிட்டி காலேஜ் லண்டன்) மூணுலயும் ஆஃபர் இருக்கு. மூணுமே நல்ல இடம், அதனாலதான் பிரச்சனையே, ஒண்ணு மட்டமா இருந்தா முடிவு தானா வந்துரும். "மாமா, நீங்க சொன்னா அம்மா கேப்பாங்க"னு என்ன நடுவுல இழுத்து விட்டுருக்கா. அதே வாரத்துல திருச்சிலேர்ந்து தெரிஞ்ச பையன் ஒருத்தன், "அண்ணா, எம்எஸ்சி-க்கு லண்டன் எடுக்கலாமா இல்ல ஊருக்கு வெளிய இருக்கிற கேம்பஸ் எடுக்கலாமா, கன்சல்டன்சில லண்டன்தான் பெஸ்ட்ங்கறாங்க"னு வாய்ஸ் நோட் அனுப்புறான். ரெண்டு பேருக்கும் தனித்தனியா ஒரே கதைய சொல்லி தொண்டை வத்திப் போனதால இங்க மொத்தமா எழுதி வெச்சிடறேன். ஆனா ரெண்டு பேருக்கும் ஒரே பதில் கிடையாது, அத கீழ சொல்றேன்.

மொதல்ல இந்த கேம்பஸ் யுனிவர்சிட்டிங்கற ஐட்டம் எப்படி வந்துச்சுனு கொஞ்சம் தெரிஞ்சா நல்லது. பர்மிங்ஹாம் 1900, லிவர்பூல் 1903, லீட்ஸ் 1904, ஷெஃபீல்ட் 1905, பிரிஸ்டல் 1909னு வரிசையா சார்ட்டர் (யுனிவர்சிட்டியா நடத்த ராஜாங்க அனுமதி) வாங்கின பழைய சிவிக் யுனிவர்சிட்டிகள் எல்லாம் தொழில் நகரங்கள்ல, அந்தந்த ஊர் பணக்காரங்க காசுல எழும்பினது, ஊரும் யுனிவர்சிட்டியும் ஒட்டிக்கிட்டே வளந்துச்சு. அப்புறம் ரெண்டாம் உலகப்போர் முடிஞ்ச கையோட 1949-ல கீல் வந்துச்சு, அங்க எல்லாரும் கேம்பஸ்லயே தங்கிப் படிக்கணும்ங்கற ஐடியா. அறுபதுகள்ல சசெக்ஸ் (1961), யார்க், ஈஸ்ட் ஆங்லியா (1963), லங்காஸ்டர், எஸ்ஸெக்ஸ் (1964), கென்ட், வாரிக் (1965)னு ஏழும் சடசடனு வந்துச்சு. படிக்க வர்ற பசங்க எண்ணிக்கை எகிறுது, ஊருக்குள்ள இடம் இல்ல, அதனால ஊருக்கு வெளிய பார்க், பழைய எஸ்டேட், கோல்ஃப் மைதானம்னு நூத்துக்கணக்கான ஏக்கர் வாங்கி கான்கிரீட்ல கட்டித் தள்ளிட்டாங்க. ஈஸ்ட் ஆங்லியா உக்காந்திருக்கிறது உண்மையிலேயே ஒரு பழைய கோல்ஃப் மைதானத்துல. நம்ம ஊர்க்காரங்களுக்கு கிண்டி ஐஐடி-ய நெனச்சுக்கிட்டா போதும், கேட்டுக்குள்ள ஒரு தனி ஊர், ஹாஸ்டல், கடை, பேங்க், டாக்டர், மரம் மட்டை எல்லாம் உள்ளயே.

ஆனா கேம்பஸ், சிட்டிங்கற இந்த ரெண்டு ரகமும் டப்பால எழுதி ஒட்டுற மாதிரி தெளிவா பிரியாது. பர்மிங்ஹாம் சிட்டி யுனிவர்சிட்டி மாதிரி தோணும், போய்ப் பாத்தா எட்ஜ்பாஸ்டன்ல நல்ல கேம்பஸ், அதுக்குனு யுனிவர்சிட்டிங்கற பேர்லயே ஒரு ரயில்வே ஸ்டேஷன், பத்து நிமிஷத்துல சிட்டி சென்டர்ல இருக்கற நியூ ஸ்ட்ரீட் ஸ்டேஷன் போய்டலாம். நாட்டிங்ஹாம்ல யுனிவர்சிட்டி பார்க் பெரிய பசுமையான கேம்பஸ், ஆனா ட்ராம் வாசல்லயே நிக்கும். சசெக்ஸ் ஊருக்கு வெளிய மலையடிவாரத்துல இருக்கு, ஆனா ஃபால்மர் ஸ்டேஷன் கேம்பஸ்க்கு எதிர்லயே, பிரைட்டன் கிட்டத்தட்ட பத்து நிமிஷம். லீட்ஸ் இதுக்கு நேர் எதிர், சிட்டி யுனிவர்சிட்டினு பேரு, ஆனா பில்டிங்லாம் ஒரே இடத்துல சேந்து இருக்கும், அங்கேர்ந்து நடந்தே சென்டர் போய்டலாம். என்ன கேட்டா இந்த நடு ரகம்தான் இருக்கறதுலயே சௌகரியம். ஆனா வீட்ல சண்டை போடறவங்க யாரும் நடு ரகத்த பத்தி பேசறதே இல்ல, ஒண்ணு காடு இல்லனா லண்டன்.

பேர நம்பியும் போகக்கூடாது, அது இன்னொரு கூத்து. வாரிக் யுனிவர்சிட்டி வாரிக் ஊர்ல கிடையாது, கவென்ட்ரி ஓரத்துல இருக்கு. கவென்ட்ரி யுனிவர்சிட்டிங்கறது வேற, அது கவென்ட்ரி நடு சென்டர்ல. வாரிக் ஊர் மைல் கணக்குல தள்ளி கோட்டையோட தனியா இருக்கு. அக்கா வாரிக் கோட்டைக்கு டூர் போனப்ப எடுத்த போட்டோவ காமிச்சு "ஊர் நல்லாத்தாண்டி இருக்கு"ன்னாங்க, பொண்ணு தலைல அடிச்சுக்கிட்டா.

சரி, விஷயத்துக்கு வர்றேன். நான் மாஸ்டர்ஸ் பண்ணது இங்கிலாந்து வடக்குல ஒரு கேம்பஸ்ல, அதுக்கப்புறம் மான்செஸ்டர்ல வேலை, அதனால ரெண்டு வாழ்க்கையும் பாத்துட்டேன். கேம்பஸ்ல மொத வருஷம்னா அது சொர்க்கம்தான், அதுல எனக்கு ரெண்டாவது கருத்து இல்ல. பதினெட்டு வயசுல மொத தடவை வீட்ட விட்டு வர்ற புள்ளைக்கு எல்லாமே நடக்கற தூரத்துல இருக்கு. ஒன்பது மணி லெக்சருக்கு எட்டே முக்காலுக்கு எந்திரிச்சா போதும். முக்கியமா ஃப்ரெண்ட்ஸ். கேம்பஸ்ல ஃப்ரெண்ட் புடிக்கறதுக்கு ப்ளான் பண்ண வேண்டாம், லைப்ரரி க்யூல, லாண்ட்ரி ரூம்ல, பஸ் ஸ்டாப்ல அதே மூஞ்சிங்க திரும்பத் திரும்ப வரும், நாலாவது தடவை பாக்கறப்ப பேசித்தான் ஆகணும். லண்டன்ல க்ளாஸ் முடிஞ்சதும் ஒருத்தன் வடக்க போற ட்யூப்ல ஏறுவான், ஒருத்தி தெக்க போற ட்யூப்ல ஏறுவா, அடுத்த செவ்வாய்க்கிழமைதான் பாப்பீங்க. கூச்ச சுபாவம் உள்ள புள்ளன்னா இந்த ஒரு பாயின்ட் மத்த எல்லாத்தையும் விட பெருசு, ரேங்கிங்க விடவும் பெருசுனு சொல்வேன்.

ஹால்ஸ் (அதான் யுனிவர்சிட்டி ஹாஸ்டல்) கிச்சன் பத்தி சொல்லாம விட்டா பாவம். ஆறு எட்டு பேருக்கு ஒரு கிச்சன், ரெண்டு ஃப்ரிட்ஜ், அதுல உங்க தட்டு ஒண்ணு, அந்தத் தட்டுலயும் யாரோ ஒருத்தனோட பீட்சா டப்பா பாதி எட்டிப் பாக்கும். இதுல நம்ம ஆளுங்க கத்துக்க வேண்டிய மொத பாடம் ஃபயர் அலாரம். பெரும்பாலான ஹால்ஸ்ல கிச்சனுக்குள்ள மாட்டி இருக்கறது சூட்டுக்கு அடிக்கற டிடெக்டர், வெளிய காரிடார்ல இருக்கறது புகைக்கு அடிக்கறது. அதனால உள்ள கதவ சாத்திட்டு நீங்க எவ்வளவு தாளிச்சாலும் ஒண்ணும் ஆகாது, இருமல் வரும் அவ்வளவுதான். ஆனா "ஐயோ கமறுதே"னு அந்த கனமான கதவ ஒரு நாற்காலி வெச்சு தெறந்து விட்டீங்கன்னா காஞ்ச மிளகா கமறல் நேரா காரிடாருக்குப் போகும், மொத்த ப்ளாக்கும் ராத்திரி பதினோரு மணிக்கு நைட்டியோட, டவலோட கார் பார்க்ல நிக்கும். எங்க ஃப்ளாட்ல ஒரு ஹைதராபாத் பையன் கோங்குரா பச்சடிக்கு மிளகா வறுத்தப்ப இதுதான் நடந்துச்சு. மழை வேற. ஆனா அன்னிக்கு கார் பார்க்ல பேச ஆரம்பிச்ச ரெண்டு பேரு இன்னிக்கும் எனக்கு ஃப்ரெண்ட்ஸ், அதான் சொல்றேன், கேம்பஸ்ல இதெல்லாம் தானா நடக்கும்.

ஆனா கேம்பஸ்ங்கற அந்த பபிள் (வெளி உலகம் தெரியாத கூடு) இருக்கே, நவம்பர்லதான் அதோட மறுபக்கம் தெரியும். வடக்குல டிசம்பர் வந்துட்டா சாயங்காலம் நாலு மணிக்கு முன்னாடியே இருட்டிரும். ஞாயித்துக்கிழமை பஸ் கொறைஞ்சுரும். கேம்பஸ்ல இருக்கற ஒரே கடைல வெங்காயம் மூணு வலைப் பைல போட்டு விப்பான், கறிவேப்பிலைனு கேட்டா முழிப்பான். வாரக்கணக்குல கொழந்தையயும் பாக்க மாட்டீங்க, வயசானவங்களையும் பாக்க மாட்டீங்க, உலகத்துல எல்லாருக்கும் பத்தொம்பது வயசுங்கற மாதிரி இருக்கும். ஃப்ளாட்மேட் கூட சண்டைன்னா போய் மறைய இடம் இல்ல, க்ளாஸ்லயும் அவன்தான், ஜிம்லயும் அவன்தான். பொழுதுபோக்குக்கு வாத்து இருக்கு, முயல் இருக்கு. சும்மா சொல்லல, ஈஸ்ட் ஆங்லியா கேம்பஸ் முயலுக்கு பேர் போனது, யார்க் ஏரில லாங் பாய்னு ஒரு நெட்டை வாத்து இருந்துச்சு, அது போனதுக்கப்புறம் 2024-ல செலையே வெச்சுட்டாங்க. வெளிய உலகத்துல யார் ஜெயிச்சா யார் தோத்தானு தெரியாது, வாத்துக்கு செலை வெச்ச நியூஸ் மட்டும் எல்லாருக்கும் தெரியும். இந்த மாதிரி வாழ்க்கை சில பேருக்கு அமிர்தம், சில பேருக்கு மூச்சு முட்டும். உங்க புள்ள எந்த ரகம்னு உங்களுக்கே தெரியும், அதுக்கு ப்ரோஷர் வேண்டாம்.

இப்ப நான் தலைப்புல சொன்ன மேட்டர். கேம்பஸ்ல தங்கறதுங்கறது பெரும்பாலும் மொத வருஷத்துக்கு மட்டும்தான். அண்டர்கிராட் மூணு வருஷம், அதுல ரெண்டாவது வருஷமும் மூணாவது வருஷமும் நாலஞ்சு பேரா சேந்து வெளிய ஒரு வீடு எடுக்கணும். சில கேம்பஸ்ல மூணாவது வருஷத்துக்கு திரும்ப ரூம் குடுப்பாங்க, ஆனா அத நம்பி உக்கார முடியாது. அப்ப நீங்க மூணு வருஷ படிப்புல ரெண்டு வருஷம் இருக்கப் போற இடம் அந்த அழகான ஏரிக்கரை கேம்பஸ் இல்ல, பக்கத்து ஊர்ல ஏதோ ஒரு தெருல இருக்கற பழைய செங்கல் வீடு. இத ஓப்பன் டேல (சேரப் போற பசங்களுக்கு யுனிவர்சிட்டிய சுத்திக் காட்டற நாள்) யாரும் சத்தமா சொல்ல மாட்டாங்க, கேட்டாத்தான் சொல்வாங்க.

வாரிக் பசங்க நெறைய பேரு ரெண்டாவது வருஷம் லெமிங்டன் ஸ்பாக்கு போய்டுவாங்க. அழகான ஊரு, பப், கடை எல்லாம் இருக்கு, ஆனா கேம்பஸ்க்கு தெனமும் பஸ், அரை மணிக்கு கொறையாம ஆகும், காலைல ஒன்பது மணி க்ளாஸ்னா பஸ் நெரம்பி வழியும், நிறுத்தாம போனாலும் ஆச்சரியம் இல்ல. ஈஸ்ட் ஆங்லியா பசங்க நாரிச்ல கோல்டன் ட்ரையாங்கிள்னு ஒரு ஏரியாக்கு போவாங்க. சசெக்ஸ்னா பிரைட்டன், லங்காஸ்டர்னா மூணு மைல் தள்ளி இருக்கற லங்காஸ்டர் டவுன். சிட்டி யுனிவர்சிட்டிலயும் இதே கதைதான், மான்செஸ்டர்ல ஃபாலோஃபீல்ட், லீட்ஸ்ல ஹைட் பார்க், பர்மிங்ஹாம்ல செல்லி ஓக், நியூகாசில்ல ஜெஸ்மண்ட், கார்டிஃப்ல கத்தேஸ்னு ஒவ்வொரு ஊருக்கும் ஒரு ஸ்டூடன்ட் ஏரியா, ஆனா வித்தியாசம் என்னன்னா செல்லி ஓக்லேர்ந்து பர்மிங்ஹாம் கேம்பஸ்க்கு நடந்தே போய்டலாம், லெமிங்டன்லேர்ந்து வாரிக்குக்கு நடக்க முடியாது. அப்ப எது "கேம்பஸ்", எது "சிட்டி"? மூணு வருஷத்த கூட்டிப் பாத்தா கேம்பஸ் யுனிவர்சிட்டில படிக்கற புள்ளதான் அதிகமா பஸ்ல போகுதுனு கூட முடியலாம்.

அதனால அக்கா பொண்ணுகிட்ட நான் கேக்கச் சொன்ன கேள்வி ஒண்ணே ஒண்ணுதான். "இங்க செகண்ட் இயர் பசங்க எங்க தங்கறாங்க, ராத்திரி பதினோரு மணிக்கு லைப்ரரிலேர்ந்து எப்படி வீட்டுக்குப் போறாங்க?" ஓப்பன் டேல கலர் டீ-ஷர்ட் போட்டு வழி காட்டற ஸ்டூடன்ட்கிட்ட கேக்கணும், மேடைல மைக் புடிச்சு பேசறவர்கிட்ட இல்ல. அவ வாரிக்ல ஒரு செகண்ட் இயர் பொண்ணுகிட்ட கேட்டிருக்கா, அந்தப் பொண்ணு சிரிச்சுக்கிட்டே போன எடுத்து பஸ் ஆப்ப காமிச்சுதாம், ஃபர்ஸ்ட் ஸ்க்ரீன்லயே வெச்சிருக்குதாம். அதுக்கப்புறம் இவ என்கிட்ட சொன்னது "மாமா, பஸ்ஸு ஓகே, ஆனா நவம்பர்லயே வீடு தேடணுமாம், அதான் பயமா இருக்கு." அது நெஜம். யுனிவர்சிட்டி ஆரம்பிச்சு ரெண்டு மாசம் கூட ஆகியிருக்காது, அறிமுகம் ஆன நாலு பேர்ல யார் கூட அடுத்த வருஷம் முழுக்க வாழ்றதுனு முடிவு பண்ணி கையெழுத்து போடணும். அதுலயும் பல அக்ரிமென்ட் எல்லாரும் சேந்து ஒரே கையெழுத்து, ஒருத்தன் வாடகை தராம ஓடிட்டா மத்தவங்கதான் கட்டணும். டெபாசிட் அஞ்சு வார வாடகைக்கு மேல கேக்கக் கூடாதுங்கறது இங்கிலாந்துல 2019-லேர்ந்து சட்டம், அத மட்டும் ஞாபகம் வெச்சுக்கச் சொன்னேன். ஸ்டூடன்ட் வீடு கம்மியா இருக்கற சின்ன ஊர்ல இந்த அவசரம் இன்னும் மோசம், பெரிய சிட்டில ஏப்ரல்ல தேடினாலும் ஏதாவது கெடைக்கும். சிட்டிக்கு ஆதரவா இருக்கற பாயின்ட்ல யாரும் பேசாத பாயின்ட் இது.

லண்டன் விஷயத்துக்கு வருவோம், மாமா கட்சி. எங்க மாமாவுக்கு (அக்கா வீட்டுக்காரர்தான்) யூசிஎல்னா ஒரே பெருமை, 1826-ல ஆரம்பிச்சதுனு விக்கிபீடியா வரைக்கும் படிச்சு வெச்சிருக்காரு. அக்காவுக்கு பெருமை எல்லாம் ரெண்டாவது, ஹாரோ-ஆன்-த-ஹில்லேர்ந்து மெட்ரோபாலிட்டன் லைன்ல ஏறினா ட்ரெயின் மாறாம யூஸ்டன் ஸ்கொயர், அங்கேர்ந்து யூசிஎல் இருக்கற கவர் ஸ்ட்ரீட் நடை தூரம், அவ்வளவுதான் அவங்க கணக்கு. "காலைல இட்லி சாப்ட்டு போய்ட்டு சாயங்காலம் வந்துரலாம்ல"ங்கறாங்க. கணக்கு தப்பே இல்ல. காசு மிச்சம், துணி துவைக்கற வேலை மிச்சம், நெறைய நம்ம வீட்டுப் புள்ளைங்க இப்படித்தான் படிச்சு நல்லா வந்திருக்காங்க. ஆனா அது கேம்பஸும் இல்ல, சிட்டியும் இல்ல, அது மூணாவது ஒரு ஆப்ஷன், அத அந்தப் பேர்லயே பேசணும். லண்டன்ல படிக்கறதுங்கறதும் ஹாரோலேர்ந்து போய் வர்றதும் ஒண்ணு இல்ல. ஃப்ரெஷர்ஸ் வீக்ல (புதுசா சேந்தவங்களுக்கான மொத வாரம்) எல்லாம் சூடு புடிக்கறதே ராத்திரி பத்துக்கு மேலதான், மெட்ரோபாலிட்டன் லைன்ல நைட் ட்யூப் கிடையாது, அக்கா பன்னெண்டு மணிக்கு ஹால்ல லைட்ட போட்டு உக்காந்திருப்பாங்க. இந்தப் பொண்ணு ஒன்பதரைக்கே பைய எடுத்துட்டு கெளம்பற ஆளா ஆயிடும். தமிழ் சொசைட்டி மாதிரி விஷயத்துல லண்டன அடிச்சுக்க முடியாதுதான், டான்ஸ் ப்ராக்டிஸ், ஸ்போர்ட்ஸ் டேனு ஏகப்பட்டது நடக்கும், ஆனா அதுவும் ராத்திரிதானே நடக்கும்.

காசு விஷயத்த வேகமா சொல்லிடறேன். உள்ளூர் ஸ்டூடன்ட்டுக்கு ட்யூஷன் ஃபீஸ் 2025-26-க்கு வருஷம் 9,535 பவுண்ட் வரைக்கும், வாரிக்னாலும் யூசிஎல்னாலும் மான்செஸ்டர்னாலும் அதேதான், அதனால ஃபீஸ வெச்சு ஒண்ணும் முடிவு பண்ண முடியாது. தங்கற, சாப்பிடற செலவுக்கு கவர்மென்ட் தர்ற மெயின்டனன்ஸ் லோன்லதான் வித்தியாசம் தெரியும். அதே வருஷத்துக்கு இங்கிலாந்து ஸ்டூடன்ட்டுக்கு அதிகபட்சம் வீட்லேர்ந்து போனா 8,877, லண்டனுக்கு வெளிய தனியா தங்கினா 10,544, லண்டன்ல தனியா தங்கினா 13,762 பவுண்ட். அது அதிகபட்சம், அப்பா அம்மா சம்பளம் ஏற ஏற லோன் கொறையும், கொறையற பணத்த வீட்ல குடுக்கணும்னு கவர்மென்ட் சொல்லாம சொல்லுது. அக்காவும் மாமாவும் ரெண்டு பேரும் வேலைக்குப் போறதால இவளுக்கு அதிகபட்சம் கெடைக்காது. கேம்பஸ்னா சீப்புனு ஒரு நெனப்பு இருக்கு பாருங்க, அதையும் நம்ப வேண்டாம். கேம்பஸ் மேலயே இருக்கற பாத்ரூம் உள்ளயே இருக்கற புது என்சூட் ரூம் பல ஊர்ல டவுன்ல ஷேர்டு வீட்டு ரூம விட வெல அதிகம், ஏன்னா மொத வருஷ புள்ளைங்களுக்கு வேற வழி கிடையாது. பஸ்ஸுக்கு இங்கிலாந்துல இப்ப சிங்கிள் டிக்கெட் பெரும்பாலும் 3 பவுண்ட்டுக்கு மேல போகாது, மான்செஸ்டர்ல 2, ஆனாலும் தெனமும் போக வரன்னா ஸ்டூடன்ட் பாஸ் எடுத்துரணும்.

இப்ப திருச்சி தம்பி. தம்பி, உனக்கு மேல சொன்னதுல பாதி செல்லாது. உனக்கு ரெண்டாவது வருஷமே கிடையாது, உன் கோர்ஸ் ஒரே வருஷம். அந்த ஒரு வருஷமும் கேம்பஸ்லயே ரூம் கெடைக்கலாம், அதனால "செகண்ட் இயர் எங்க தங்கறது"ங்கற கேள்விக்குப் பதிலா நீ கேக்க வேண்டியது "பார்ட் டைம் வேலை எங்க கெடைக்கும்"ங்கறது. ஸ்டூடன்ட் விசால டிகிரி லெவல் கோர்ஸ்னா டெர்ம் நேரத்துல வாரத்துக்கு 20 மணி நேரம் வேலை பாக்கலாம். இதுல நெறைய பேரு சறுக்கற இடம், மாஸ்டர்ஸ்க்கு சம்மர் லீவு கிடையாது, டிசர்ட்டேஷன் எழுதற ஜூன், ஜூலை, ஆகஸ்ட்டும் டெர்ம் கணக்குதான், ஃபுல் டைம் போய்ட்டு அப்புறம் விசால மாட்டிக்காத. 21 வயசு ஆயிடுச்சுன்னா 2026 ஏப்ரல்லேர்ந்து மினிமம் வேஜ் மணிக்கு 12.71 பவுண்ட், 20 மணி நேரம் கெடைச்சா வாரத்துக்கு 254 பவுண்ட் சொச்சம். கெடைச்சாங்கறதுதான் முக்கியம். ஊருக்கு வெளிய இருக்கற கேம்பஸ்ல இருக்கறது நாலு கஃபே, ஒரு பார், ஒரு கடை, லைப்ரரி, அங்க இருக்கற வேலைக்கு மொத்த கேம்பஸும் அப்ளை பண்ணும். டவுனுக்குப் போய் ரெஸ்டாரன்ட் ஷிஃப்ட் முடிச்சா ராத்திரி கடைசி பஸ்ஸ புடிக்கணும், அத விட்டா டாக்சி, டாக்சிக்குக் குடுத்தா அன்னிக்கு சம்பளத்துல பாதி காலி. மான்செஸ்டர், பர்மிங்ஹாம், லீட்ஸ் மாதிரி ஊர்னா ராத்திரி பன்னெண்டுக்கும் பஸ் இருக்கும், கடைங்களும் ஆயிரம் இருக்கும், போட்டியும் இருக்கும்தான், இல்லனு சொல்லல.

லண்டன்னா வேலை இன்னும் அதிகம், ஆனா கன்சல்டன்சிக்காரங்க சொல்லாத ஒண்ணு இருக்கு. விசாக்கு பேங்க்ல காட்ட வேண்டிய பணம். 2025 நவம்பர்லேர்ந்து லண்டன்ல படிக்கப் போறவங்க மாசத்துக்கு 1,529 பவுண்ட், லண்டனுக்கு வெளியன்னா 1,171 பவுண்ட், அதிகபட்சம் ஒன்பது மாசத்துக்கு காட்டணும், ஃபீஸ் பாக்கி தனி. கணக்கு போட்டா லண்டன்க்கு 13,761, வெளிய 10,539. மூவாயிரத்து இருநூறு பவுண்டுக்கு மேல வித்தியாசம், அதுவும் 28 நாள் அக்கவுன்ட்ல அசையாம இருக்கணும். உங்கப்பா கடன் வாங்கித்தான் காட்டப் போறாருன்னா இந்த வித்தியாசத்துக்கும் வட்டி ஓடும்.

அப்புறம் இந்த "லண்டன் கேம்பஸ்". வேற ஊர்ல இருக்கற யுனிவர்சிட்டி, லண்டன்ல ஒரு ஆபீஸ் பில்டிங்ல ரெண்டு மூணு ஃப்ளோர் எடுத்து அதுக்கு லண்டன் கேம்பஸ்னு பேர் வெச்சிருக்கும். கீழ காஃபி கடை, மேல க்ளாஸ்ரூம், ஹால்ஸ் கிடையாது, ஸ்போர்ட்ஸ் கிடையாது, லைப்ரரிங்கறது கம்ப்யூட்டர் வெச்ச ஒரு ரூம். வாரத்துல ரெண்டு நாள் க்ளாஸ்னு அத ஒரு ப்ளஸ் பாயின்ட்டாவே விப்பாங்க. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தன் அப்படி ஒரு இடத்துல படிச்சான், ஒரு வருஷத்துல யுனிவர்சிட்டியோட மெயின் ஊரையே அவன் பாக்கல, கான்வொகேஷன் அன்னிக்குத்தான் மொத தடவை போனான். டிகிரி செல்லும், அதுல சந்தேகம் இல்ல. ஆனா கேம்பஸ் வாழ்க்கையும் இல்லாம, சிட்டி யுனிவர்சிட்டியோட வசதியும் இல்லாம லண்டன் வாடகை மட்டும் குடுக்கறதுக்கு இவ்வளவு தூரம் வரணுமானு யோசி.

பொதுவா ரெண்டு பேருக்குமே சொல்றது, யுனிவர்சிட்டி எங்க இருக்குனு பாக்காதீங்க, உங்க டிபார்ட்மென்ட் எங்க இருக்குனு பாருங்க. நாட்டிங்ஹாம்னு போனா வெட்டினரி படிக்கறவங்க சட்டன் பானிங்டன்ங்கற கிராமத்துப் பக்கம், சிட்டிலேர்ந்து மைல் கணக்குல தள்ளி. எக்ஸிடர்னு போட்டா சில கோர்ஸ் எக்ஸிடர்லயே கிடையாது, கார்ன்வால்ல பென்ரின்ல இருக்கு, அது வேற கவுன்ட்டி. யூசிஎல்ல கூட சில கோர்ஸ் இப்ப மெயின் இடமான ப்ளூம்ஸ்பரில இல்ல, ஸ்ட்ராட்ஃபோர்ட்ல ஒலிம்பிக் பார்க் பக்கம் நடக்குது. ஆஃபர் லெட்டர்ல, கோர்ஸ் பேஜ்ல லொகேஷன்னு ஒரு வரி இருக்கும், எல்லாரும் ஃபீஸ பாத்துட்டு அந்த வரிய தாண்டிப் போய்டறாங்க.

பாக்கப் போறதுன்னா ஓப்பன் டேக்கு மட்டும் போய்ட்டு வந்துராதீங்க. ஜூன் மாச வெயில்ல, புல்வெளில பசங்க படுத்துக்கிட்டு புக் படிக்கற நாள்ல எந்த கேம்பஸும் அழகாத்தான் இருக்கும். முடிஞ்சா ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் போங்க, மழை பேஞ்சா இன்னும் நல்லது. ட்ரெயின்ல எறங்கி பஸ்ல ஏறி ஒரு ஸ்டூடன்ட் மாதிரியே போங்க, கார்ல போய் எறங்கினா ஒண்ணும் தெரியாது. கடை தெறந்திருக்கா, எத்தன பேரு நடமாடறாங்க, பஸ் ஸ்டாப்ல எவ்வளவு நேரம் நிக்கறீங்கனு பாருங்க. லங்காஸ்டர்ல கேம்பஸ் நடுவுல வடக்கு தெக்கா கூரை போட்ட ஒரு நீள நடைபாதை இருக்கு, ஸ்பைன்ம்பாங்க. வெயில் நாள்ல போனா இது எதுக்குனு தோணும், மழை நாள்ல போனா கட்டினவனுக்கு அந்த ஊர் வானத்தப் பத்தி நல்லா தெரிஞ்சிருக்குனு புரியும்.

அக்கா பொண்ணு இன்னும் முடிவு பண்ணல. மான்செஸ்டர் பக்கம் சாயறா, அதுல நான் அங்க இருக்கறதும் ஒரு காரணம்னு அக்கா என் மேல கடுப்புல இருக்காங்க, நான் அப்படி எதுவும் சொல்லல. சொன்னது ஒண்ணுதான்: எத ஃபர்ம் போடறியோ அங்க ஹால்ஸ் அப்ளிகேஷன் கடைசி தேதி என்னனு பாத்துட்டு போடு. நெறைய யுனிவர்சிட்டில மொத வருஷம் ரூம் கேரன்ட்டின்னு சொல்றது ஃபர்ம் சாய்ஸா வெச்சு அந்தத் தேதிக்குள்ள அப்ளை பண்ணவங்களுக்குத்தான், இன்ஷூரன்ஸ் சாய்ஸ்ல போய் விழுந்தா, இல்ல ஆகஸ்ட்ல ரிசல்ட் வந்து க்ளியரிங்ல (மிச்ச சீட்டுக்கு நடக்கற கடைசி ரவுண்டு) போனா, மிச்சம் மீதி இருக்கற ரூம்தான், சில சமயம் பக்கத்து ஊர்ல. ரூல் இடத்துக்கு இடம் மாறும், அதனால மூணு வெப்சைட்டையும் தெறந்து வெச்சு இந்த சனிக்கிழமை உக்காந்து பாக்கறோம்னு சொல்லிருக்கேன்.